வதிவிட மாற்றமும் வாக்களிப்பும்

வாக்குரிமை மனிதனுக்கு உரியது. வாக்காளர் இடாப்போ அவன் வதியும் இடத்தைப் பற்றி நிற்பது. மனிதன் வீடு மாறுகின்றான். இடாப்பிலுள்ள பெயர் தானாக அவனைப் பின்தொடர்வதில்லை. இதனால் விளையும் இழப்பை அறிதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அந்நாட்டிலே பெயரைப் பதியும் பொறுப்பு நெடுங்காலமாகக் குடிமகனையே சார்ந்திருந்தது. அதனோடு வதிவிடக்கால விதியும் தடையாய் நின்றது. டென்னசி மாநிலத்தில் ஓராண்டும், அதன் உட்பிரிவாகிய கவுண்டியில் மூன்று மாதமும் வதிந்தவரே வாக்களிக்கலாம். 1970இல் அங்குக் குடியேறிய புளூம்ஸ்டைன் என்னும் சட்டப் பேராசிரியர் இதனை எதிர்த்து வழக்காடினார். 1972இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவ்விதி அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்த்தது. இடாப்பைச் சரிபார்ப்பதற்கு 30 நாட்கள் போதுமெனவும் கருதிற்று.

அதன் பின்னரும் வீடு மாறியோர் வாக்களிப்பிற் பின்தங்கியே நின்றனர். புதிய ஊரில் வேரூன்றாதவருக்கு அரசியலில் நாட்டம் இராதென்று சிலர் காரணங் கூறுவர். 1987இல் ஸ்குவயர், வுல்பிங்கர், கிளாஸ் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வு இக்கூற்றை ஏற்கவில்லை. வீடு மாறியோர் அரசியல் ஆர்வத்திற் குறைந்தவரல்லர். மீண்டும் பதியவேண்டிய சுமையே அவரைத் தடுத்தது. ஈராண்டுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வீடு மாறுவராதலின், இத்தடையின் விளைவு நீங்கின் நாட்டின் வாக்களிப்பு வீதம் ஏறத்தாழ 9 புள்ளிகளால் உயருமென அவர்கள் கணித்தனர்.

இது வியப்பன்று. புதுமனை புகுந்தோன் பிள்ளைகளைப் பாடசாலையிற் சேர்ப்பான், மின்னிணைப்புப் பெறுவான், தபாலகத்துக்கு முகவரியை அறிவிப்பான். இவை ஒத்திவைக்க இயலாதவை. தேர்தலோ தொலைவில் உள்ளது. அது நெருங்கி ஆர்வம் எழும் வேளையிற் பதிவுக்குரிய நாள் கடந்துவிடுகின்றது. இவ்வாறு இழப்போர் பெரும்பாலும் இளைஞரும் வாடகைக் குடியினருமே. அவர் குரல் தாழ, ஓரிடத்தில் நிலைத்து வாழ்வோர் குரல் ஓங்குகின்றது. ஆட்சியாளர் செவி எப்பக்கம் சாயுமெனக் கூறவேண்டுவதில்லை.

ஒருவரே ஈரிடத்தில் வாக்களியாமற் காத்தற்கு இடாப்பு வேண்டும் என்பர். அது பொருந்தும். எனினும் அதனைத் திருத்துவது யார் கடன் என்பதே வினா. 1993ஆம் ஆண்டின் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம், சாரதி அனுமதிப்பத்திரத்துக்காக அறிவிக்கும் முகவரி மாற்றமே, அறிவிப்போர் மறுத்தாலன்றி, வாக்காளர் பதிவுக்கும் பயன்படுமாறு செய்தது.  சுவீடன் நாட்டிலோ குடிசனப் பதிவேட்டிலிருந்தே வாக்காளர் இடாப்பு ஆக்கப்படுகின்றது. வீடு மாறியதை ஒருமுறை அறிவித்தால் அமையும்.

ஆதலின், வாக்களியாதோரை அக்கறையற்றோரெனப் பழிக்குமுன், அவர் பெயர் எந்த முகவரியில் நின்றுவிட்டதென ஆராய்தல் நம் கடனாகும்.