தெரியுமா? தூங்கவைக்கும் வெள்ளை ஊசியின் இன்னொரு முகம்!

ஆபரேஷன் தியேட்டரில் கை நரம்பில் பால்போல வெள்ளையாக ஒரு மருந்தை ஏற்றுவார்களே, அதன் பெயர் புரோபபோல். அந்த வெண்மை மருந்தினுடையது அல்ல, தெரியுமா? தண்ணீரில் கரையாத மருந்து என்பதால் சோயா எண்ணெயிலும் முட்டை மஞ்சள்கருவின் லெசித்தினிலும் கலந்து தருகிறார்கள்; அந்தக் கலவையின் நிறம் அது! ஏறும்போது சுருக்கென்று எரியும். ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கினால் நாற்பதைத் தாண்டுவதற்குள் தூக்கம்! இதைக் கண்டுபிடித்த ஜான் கிளென் ஒரு கால்நடை மருத்துவர்!

இந்த மருந்து தூங்கவைப்பதோடு நிற்பதில்லை, புதிய ரத்தநாளங்கள் முளைப்பதிலும் கை வைக்கிறது என்கின்றன ஆய்வுக்கூடங்கள்.

அதனால் என்ன என்கிறீர்களா? புற்றுக்கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பெருக வேண்டுமானால் அதற்கென்று புது ரத்தநாளம் வேண்டும். 1971-லேயே மருத்துவர் ஜூடா ஃபோக்மன் இதைச் சொன்னார். மூச்சுக்காற்று போதாமல் திணறும் செல்லுக்குள் ஹிஃப்-1 என்ற புரதம் சேரும். ‘ரத்தநாளமே, இங்கே வா’ என்று அழைக்கும் சுரப்பைத் தூண்டும்!

ரத்தநாளம் முளைப்பதை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? பிரசவத்துக்குப் பின் தூக்கி எறியும் தொப்புள்கொடி இருக்கிறதே, அதன் ரத்தநாளத்திலிருந்து செல்களைப் பிரித்து, கூழ் போன்ற படலத்தின் மேல் விடுகிறார்கள். மாலையில் தனித்தனிப் புள்ளிகள். காலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றோடொன்று கைகோத்து, மீன்வலை விரித்ததுபோல் குழாய்கள்! இன்னொரு வழி, அடைகாக்கும் கோழிமுட்டையின் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, சிவப்புக் கொடிகள் படர்வதைக் கண்ணாலேயே பார்ப்பது!

புரோபபோல் விட்டதும் அந்த வலை மெலிந்ததாகப் பல சோதனைகள் சொல்கின்றன. பிராஸ்டேட் புற்றுச் செல்களிலோ, மூச்சுவழி மயக்க மருந்தான ஐசோஃப்ளூரேன் ஹிஃப்-1 புரதத்தைக் கூட்டியது. புரோபபோல் அதை அடக்கியது!

அப்படியானால் புற்றுநோயாளிக்கு ஊசி மயக்கமே மேலா? 2,132 மார்பகப் புற்றுநோயாளிப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு முதுகெலும்பருகே மரப்பு ஊசியோடு புரோபபோல். மறு பிரிவினருக்கு மூச்சுவழி செவோஃப்ளூரேனும் அபின்வகை வலிமருந்தும். நோய் திரும்பியது இரு பக்கமும் சுமார் 10 சதவீதம்தான்! ஆய்வுக்கூடத் தட்டில் தெரிந்த வித்தியாசம் மனித உடம்பில் தெரியவில்லை.

எனவே உங்கள் வீட்டில் யாருக்காவது புற்றுநோய் அறுவை என்றால், எந்த மயக்க மருந்து என்று தவிக்காதீர்கள். அதை மயக்க மருந்து டாக்டரிடம் விட்டுவிட்டு, குறித்த தேதியில் அறுவையை முடித்துவிடுங்கள்.