பிபிசி மைக்ரோ: 32 கிலோபைட்டில் ஓர் எதிர்காலம்

இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட கணினி இது. மத்திய அரசு 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது இந்த வகைதான். மேல்வரிசையில் உள்ள பத்துச் செந்நிற விசைகளைக் கவனியுங்கள். டிவியில் இணைத்து, 'பேசிக்' மொழியில் கட்டளைகளைத் தட்டி, அவற்றை ஆடியோ கேசட்டில் பதிந்து வைப்பார்கள். மொத்த நினைவகமே 32 கிலோபைட்! இன்று நீங்கள் கைபேசியில் எடுக்கும் ஒரு படம்கூட இதில் அடங்காது.

அந்தப் பத்தாண்டில்தான் எழுத்தாளர் சுஜாதா ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' தொடர்கதையை எழுதினார். கதை நடப்பது 2021-இல். பெயருக்கு இரண்டே எழுத்து, குழந்தை பெற அரசு அனுமதி, புத்தகம் படிக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய். அந்த ஆண்டும் வந்து போய்விட்டது. பேசும் இயந்திரம் கைபேசிக்குள் வந்துவிட்டது. ஜீனோவைப் போல மனதுக்கு நெருக்கமான ஒன்று இன்னும் வரவில்லை.

பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதாவுக்கு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்குண்டு. அந்த இயந்திரம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, தேர்தலுக்காக ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவனை எடுக்கச் சொன்ன குடவோலை முறையின் கல்வெட்டுகள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. அவற்றையும் ஒருமுறை அவசியம் சென்று பாருங்கள்.