மெய்நிகர் உடற்பயிற்சிக் கருவிகள்

கணினி உருவாக்கும் முப்பரிமாணக் காட்சிக்குள் ஒருவரை நிறுத்தி, அவருடைய உடல் அசைவாலேயே ஆட்டத்தை நடத்த வைப்பவை மெய்நிகர் உடற்பயிற்சிக் கருவிகள். வழக்கமான வீடியோ கேமில் கட்டைவிரல் மட்டும் பார்க்கும் வேலையை இங்கே தோளும் இடுப்பும் காலும் சேர்ந்து பார்க்கின்றன.

இந்த எண்ணம் பழையது. 1980களின் இறுதியை ஒட்டி அமெரிக்காவின் ஆட்டோடெஸ்க் நிறுவனம், உடற்பயிற்சி சைக்கிளோடு, காட்சியைக் கண்முன் காட்டும்படி தலையில் அணியும் ஹெட்செட்டை இணைத்து ‘ஹைசைக்கிள்’ என்ற சோதனைக் கருவியை அமைத்தது. வேகமாக மிதித்தால் காட்சியில் சைக்கிள் தரையை விட்டு எழும்பிப் பறக்கும். அன்றைய கணினிகளின் வேகம் அதற்குப் போதவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஆக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ் என்ற ஹெட்செட்டுகள் 2016இல் விற்பனைக்கு வந்தன. 2019இல் வந்த ஆக்குலஸ் குவெஸ்ட் தனிக் கணினி இல்லாமல், கேபிள் இல்லாமல் இயங்கியது. காலில் கேபிள் சிக்காமல் குனியவும் திரும்பவும் முடிந்ததால் உடற்பயிற்சிக்கு அது தோதாயிற்று.

ஹெட்செட் இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட கோணங்களில் படம் காட்டுகிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. உள்ளே இருக்கும் முடுக்கமானியும் கைரோஸ்கோப்பும் தலையின் அசைவை அளக்கின்றன. வெளிப்புறக் கேமராக்கள் அறையின் மூலைகளையும் பொருள்களையும் அடையாளமாக வைத்து, ஆடுபவர் எங்கே நிற்கிறார் என்று கணக்கிடுகின்றன. தலை திரும்பியபின் படம் திரும்ப ஏறத்தாழ 20 மில்லிவிநாடிக்கு மேல் ஆனால், அந்தத் தாமதம் உறுத்தத் தொடங்கும்.

உடலுக்கு வேலை தரும் விதம் கருவிக்குக் கருவி மாறும். 2018இல் வெளியான ‘பீட் சேபர்’ ஆட்டத்துக்கு ஹெட்செட்டும் இரண்டு கைப்பிடிகளும் போதும். இசைக்கேற்பப் பாய்ந்து வரும் கட்டைகளை ஒளிவாளால் வெட்ட வேண்டும். எதிர்ப்படும் சுவர்களுக்குக் குனிந்து விலக வேண்டும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் உருவான ‘இகாரோஸ்’ ஒரு சட்டகம். அதில் குப்புறப் படுத்து, முன்கைகளையும் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியையும் ஊன்றி, எடையை இப்படியும் அப்படியும் மாற்றினால் காட்சியில் பறக்கலாம். வயிறும் முதுகும் விறைத்து நின்றால்தான் சமநிலை கிட்டும். 2013இல் பொதுமக்களிடம் நிதி திரட்டிய அமெரிக்காவின் ‘விர்ச்சுவிக்ஸ் ஆம்னி’ கிண்ணம் போல் குழிந்த, வழுக்கும் மேடை. இடுப்பை வளையம் தாங்க, தனிக் காலணியோடு ஓடுபவர் நின்ற இடத்திலேயே ஓடுவார்.

குறி தவறக் கூடாது என்பதில் கவனம் நிற்பதால், களைப்பின் பக்கம் மனம் அதிகம் போவதில்லை. இந்தக் கருவிகளின் பெரிய பலம் அதுதான். ஆனால் கண் ஓட்டத்தைக் கண்டும் உட்செவி அதை உணராவிட்டால் சிலருக்குக் குமட்டும். பஸ் பயணத்தில் புத்தகம் படிப்பவருக்கு வரும் மயக்கத்தின் மறுபுறம் இது. ஆடுபவர் தாமே நகரும் ஆட்டங்களில் இந்தத் தொல்லை குறைவு. அறை கண்ணுக்கு மறைந்துவிடுவதால், விளையாடும் எல்லையை முதலிலேயே வரைந்துகொள்ள வேண்டும். எல்லையை நெருங்கும்போது ஹெட்செட் அதைக் காட்டி எச்சரிக்கும்.

வெறும் கையை வீசுவதில் சுமை இல்லை. ஆகவே இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் இதயத்துக்கும் மூச்சுக்கும்தான் பயிற்சி. தசையை வளர்க்க எடை தூக்குவதற்கு அவை மாற்றல்ல.