உங்களுக்குத் தெரியுமா? அபிராமமும் கைரேகைச் சட்டமும்

கமுதிக்கு அருகிலுள்ள அபிராமத்தில் 1934-இல் முத்துராமலிங்கத் தேவர் கூட்டிய மாநாடு, குற்றப்பரம்பரைச் சட்டத்தை நீக்கக் கோரியது. வட இந்தியாவில் 1871-இல் தொடங்கிய அச்சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். திருடியிருக்க வேண்டியதில்லை, அறிவிக்கப்பட்ட சாதியில் பிறந்திருந்தால் போதும். ரேகை பதிய வேண்டும், காவலர் முன் ஆஜராக வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். இதில் மிகக் கொடியது வேறொன்று: ஒரு சாதியைக் குற்றப்பரம்பரை என அரசு அறிவித்தால், அந்த அறிவிப்பு செல்லுமா என்று நீதிமன்றம் கேட்கவே முடியாது.

மாநாட்டுக்கு உடனே பலன் கிட்டவில்லை. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-இல்.

இடையில், 1950-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. சாதியின் பெயரால் அரசு பாகுபாடு காட்டுவதை 15-ஆம் பிரிவு தடுக்கிறது. நாடெங்கும் சென்றுவரும் சுதந்திரத்தை 19-ஆம் பிரிவு தருகிறது. அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம், பழையதே ஆனாலும், முரண்படும் அளவுக்குச் செல்லாது என்கிறது 13-ஆம் பிரிவு. உரிமை பறிபோனால் 32-ஆம் பிரிவின்படி நேரடியாக உச்ச நீதிமன்றத்தையே நாடலாம்.