மூன்றாண்டு மணவாழ்வும் குடியுரிமையும்

அமெரிக்கக் குடிமகன் ஒருவருக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டால் அவளும் அமெரிக்கக் குடிமகள் ஆகிவிடுவாள் என்று நம்மில் பலர் நம்புகின்றனர். திருமணப் பத்திரிகை அச்சாகும் முன்பே ‘சிட்டிசன்ஷிப் எப்போது கிடைக்கும்?’ என்று கேட்கும் உறவினர்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அந்த வழியில் நடந்து குடியுரிமை பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: திருமணம் நிரந்தர வசிப்புரிமைக்கு, அதாவது கிரீன் கார்டுக்கு, வழி திறக்கிறது. அதன் பிறகு காத்திருக்கும் காலத்தைக் குறைக்கிறது. பொதுவாகக் கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டுகள் கழித்தே குடியுரிமை கேட்கலாம். குடிமகனோடு மணவாழ்வு நடத்துபவருக்கு அது மூன்று ஆண்டுகள்.

உறவினர்களின் நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றதும் அல்ல. 1855-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, அமெரிக்கரை மணந்த வெளிநாட்டுப் பெண், தகுதியுள்ளவராக இருந்தால், திருமணத்தாலேயே குடிமகள் ஆனார். அதன் மறுபக்கம் கொடியது. 1907-ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமையைப் பறித்தது. 1922-இல் வந்த கேபிள் சட்டம் மனைவியின் குடியுரிமையைக் கணவனுடையதிலிருந்து பிரித்தபோதும், குடியுரிமை பெறத் தகுதியற்ற இனத்தவரை மணப்பவருக்கு விலக்களிக்கவில்லை. அடுத்த ஆண்டே, பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் அத்தகுதி அற்றவர்கள் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியரை மணந்த அமெரிக்கப் பெண் தன் சொந்த நாட்டிலேயே அந்நியர் ஆனார். அந்தப் பிரிவு 1931-இல் நீங்கியது. இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது 1946-இல்தான்.

இன்றைய நடைமுறைக்கு வருவோம். கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவடையவில்லை என்றால், கிடைப்பது இரண்டாண்டு நிபந்தனை அட்டை மட்டுமே. பொய்த் திருமணங்களைத் தடுக்க 1986-இல் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு இது. அட்டை காலாவதியாவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் கணவனும் மனைவியும் கூட்டாக ஐ-751 என்ற மனுவை அளித்து, மணவாழ்வு உண்மையானது என்று நிறுவ வேண்டும்.

நிறுவுவது எப்படி என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகின்றனர். ஆயிரம் பேர் வாழ்த்திய திருமணத்தின் கனத்த ஆல்பத்தை அதிகாரி இரண்டு பக்கம் புரட்டுவார். அவர் தேடுவது இருவர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு, துணைவர் பெயர் எழுதிய காப்பீடு. ‘திருமணத்துக்கு முன் எத்தனை முறை சந்தித்தீர்கள்?’ என்று எங்களிடம் கேட்கப்பட்டது. இரண்டு முறை என்றேன். ஜாதகம் பார்த்ததையும் இரு வீட்டார் பேசி முடித்ததையும் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. பெற்றோர் பார்த்து முடித்த மணத்தைச் சட்டம் குறைவாக மதிப்பதில்லை. ஆனால் மின்கட்டணம் முதல் கார் வரை எல்லாம் கணவர் பெயரிலேயே இருக்கும் வீட்டில், மனைவி அங்கே வாழ்ந்ததற்கே சான்று இல்லாமல் போகிறது. இது குடியேற்றச் சிக்கல் மட்டும்தானா என்பது வேறு கேள்வி.

மூன்றாண்டுக் கணக்குக்கும் கண்டிப்பான விதிகள் உண்டு. அந்த மூன்று ஆண்டுகளில் குறைந்தது பதினெட்டு மாதங்கள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணம் ஆறு மாதங்களைத் தாண்டினால் தொடர் வசிப்பு அறுந்ததாகக் கருதப்படும். அறுபடவில்லை என்று நிறுவுவது நம் பொறுப்பு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து குழந்தைக்கு முதல் பிறந்தநாள் கொண்டாடிவிட்டுத் திரும்ப எண்ணுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

தேர்வைக் குறித்து எல்லோரும் அஞ்சுகின்றனர். அது அத்தனை கடினமல்ல. நான் எழுதிய முறையில் நூறு கேள்விகளின் பட்டியலிலிருந்து பத்து கேட்டனர், ஆறு சரியானால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பட்டியல் 128. கேட்பது இருபது வரை, பன்னிரண்டு சரியாக வேண்டும். இவற்றுக்கு வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். எளிய ஆங்கில வாக்கியம் ஒன்றைப் படிக்கவும் ஒன்றை எழுதவும் தெரிந்தால் மீதியும் முடிந்தது. அதைவிடக் கூர்ந்து நடப்பது என்-400 விண்ணப்பத்தின் மீதான விசாரணை: பயண நாள்கள், வரி, கைது, எப்போதேனும் குடிமகள் என்று கூறி வாக்களித்ததுண்டா என்பது வரை.

யாரும் பேசாத விதி ஒன்று உண்டு. உறுதிமொழி ஏற்கும் நாளுக்கு முன் மணவிலக்கு ஆனாலோ கணவர் இறந்தாலோ மூன்றாண்டுச் சலுகை போய்விடும். அதாவது அந்தக் கடிகாரம் மனைவியின் கையில் இல்லை. இதைக் காட்டி மிரட்டும் கணவர்கள் உண்டு. அடியைப் பொறுத்துக்கொண்டு நாள் எண்ணும் பெண்களும் உண்டு. அவர்களுக்கு யாரும் சொல்லாதது, ஐந்தாண்டுக் கடிகாரம் அவர்களுடையது என்பது. அந்த வழியில் திருமணம் நீடிக்க வேண்டியதில்லை. நிபந்தனை அட்டை வைத்திருப்பவர், மணவிலக்கையோ கொடுமையையோ காரணம் காட்டித் தனியாகவே ஐ-751 அளிக்கலாம். கிரீன் கார்டே இன்னும் வராத நிலையில் கொடுமைக்கு ஆளானவர், 1994-ஆம் ஆண்டின் பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, கணவருக்குத் தெரிவிக்காமலே ஐ-360 மனுவைத் தாமே அளிக்க முடியும். அவ்வாறு வசிப்புரிமை பெற்றவர், குடிமகனான கணவரின் கொடுமையிலிருந்து பிரிந்து வாழ்ந்தாலும் மூன்று ஆண்டுகளிலேயே குடியுரிமை கேட்கலாம். பெண்ணை அனுப்பும் பெற்றோர் நகைப் பட்டியலோடு இதையும் எழுதிக் கொடுத்தனுப்பலாம்.

நேர்காணலில் தேறினாலும் ஒருவர் குடிமகள் ஆகிவிடுவதில்லை. பிற நாட்டு விசுவாசத்தைத் துறப்பதாக உறுதிமொழி ஏற்றுக் கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்த பின்னரே சான்றிதழ் கைக்கு வரும். அந்த நொடியில் 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு செயல்பட்டு, இந்தியக் குடியுரிமை அற்றுப்போகிறது. இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியக் குடியாளர் அட்டையான ஓ.சி.ஐ. பெற்றால் விசா இன்றி வந்து போகலாம். ஆனால் இங்கே வாக்களிக்க முடியாது, விளைநிலம் வாங்க முடியாது.