எட்டு லிங்கமும் எட்டு நகரமும்

கிரிவலம் போகிறவர்களிடம் அடுத்தது எந்த லிங்கம் என்று கேட்டுப் பாருங்கள். நடையை நிறுத்தாமலே பதில் சொல்வார்கள். இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என எட்டு லிங்கங்களும் அண்ணாமலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் பாதையில் வரிசையாக இருக்கின்றன. ராஜகோபுரத்தில் கிளம்பலாம். அக்னி லிங்கத்துக்கும் எம லிங்கத்துக்கும் இடையில் இருக்கும் ரமணாசிரமத்திலும் கிளம்பலாம். கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் சுற்று முடிந்தது. இதற்கு யாரும் திட்டம் போடுவதில்லை.

ஆசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில், ஐரோப்பிய முகங்களை நிறையப் பார்க்கலாம். அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நான்கு நண்பர்களுக்கு, "நாமும் ஒரு தடவை அவர்கள் ஊருக்குப் போய்வந்தால் என்ன?" என்று தோன்றுவதாக வைத்துக்கொள்வோம். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, மியூனிக், ஜூரிச், ரோம் என்று அவர்களும் எட்டு இடங்களைப் பட்டியல் போடுகிறார்கள். கையில் காசு கம்மி. எந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும்?

பாரிஸில் தொடங்கிப் பாரிஸிலேயே முடிப்பதென்றால், இரண்டாவது ஊரை ஏழு விதமாகவும் அதற்கடுத்ததை ஆறு விதமாகவும் தேர்ந்தெடுக்கலாம். இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 5,040 வரும். ஒரே சுற்றை இடமாகவும் வலமாகவும் போவதை ஒன்றாக எண்ணினால் 2,520. ஊர்கள் 15 ஆனால் இது 4,358 கோடியைத் தாண்டிவிடும். நொடிக்கு ஒரு கோடி வழிகளைச் சரிபார்க்கும் கணினிக்கு அதை முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். 20 ஊர்கள் என்றால் அதே கணினிக்கு 190 ஆண்டுகள் போதாது.

கணிதத்தில் இதற்கு 'பயண விற்பனையாளர் சிக்கல்' என்று பெயர். ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்றவர்களுக்காக ஜெர்மனியில் 1832-ல் வெளியான ஒரு கையேட்டிலேயே இந்தக் கவலை பதிவாகியிருக்கிறது. 1954-ல் டான்சிக், ஃபல்கர்சன், ஜான்சன் ஆகிய மூவரும் 49 அமெரிக்க நகரங்களுக்கான மிகக் குறுகிய சுற்றைக் கண்டுபிடித்தார்கள். அதைவிடக் குறுகியது இருக்கவே முடியாது என்று நிரூபித்தும் காட்டினார்கள். 2006-ல் இந்தச் சாதனை 85,900 புள்ளிகளை எட்டியது. ஆனாலும் எத்தனை ஊர்களைக் கொடுத்தாலும் மிகச் சிறந்த விடையை விரைவாகத் தரும் பொதுவான வழி இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

இவ்வளவு கடினமான கணக்கு கிரிவலத்தில் மட்டும் எப்படி எளிதாகிவிடுகிறது? லிங்கங்களும் எட்டு, நகரங்களும் எட்டு. வித்தியாசம் அவை இருக்கும் அமைப்பில்தான். ஒரு பலகையில் ஆணிகளை அடித்து, எல்லாவற்றையும் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை மாட்டுங்கள். எல்லா ஆணிகளும் ரப்பரைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த ரப்பர் போகும் வழியே மிகக் குறுகிய சுற்று. வேறு எந்த வரிசையில் போனாலும் பாதை எங்காவது தன்னையே வெட்டிக்கொள்ளும். வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளைப் பிரித்து மாற்றி இணைத்தால் நீளம் கண்டிப்பாகக் குறையும். முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைக் கூட்டினால் மூன்றாவதைவிடப் பெரிது என்ற பள்ளிக்கூடப் பாடம்தான் இதற்கு ஆதாரம். திருவண்ணாமலையில் நடுவே மலை, எட்டு லிங்கங்களும் அதைச் சுற்றிய வளையத்தில். உள்ளே ஒன்றுகூட இல்லை.

நண்பர்களின் பட்டியலில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், வியன்னா, ரோம் ஆகிய ஐந்தும் ரப்பரைத் தொடுகின்றன. பிராக், மியூனிக், ஜூரிச் மூன்றும் உள்ளே விழுகின்றன. சில ஆணிகள் உள்ளே இருந்தாலும், விளிம்பில் இருப்பவற்றின் வரிசை சிறந்த சுற்றில் மாறாது. ஆகவே உள்ளே இருக்கும் மூன்றை எந்த இடைவெளியில் நுழைப்பது என்பது மட்டுமே கேள்வி. 2,520 வழிகள் 210 ஆகச் சுருங்கிவிட்டன.

பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்குப் போவது நம் எல்லோருக்கும் தோன்றும் யோசனை. நேர்கோட்டுத் தூரத்தில் அதைப் போட்டுப் பார்ப்போம். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, மியூனிக், ஜூரிச் வரை எல்லாம் சுகமாகப் போகும். ரோம் கடைசியில் தனியாக மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து பாரிஸுக்குத் திரும்ப மட்டும் 1,100 கிலோமீட்டர். மொத்தம் சுமார் 3,925. வியன்னாவிலிருந்து நேராக ரோமுக்கு இறங்கி, மியூனிக்கையும் ஜூரிச்சையும் திரும்பும் வழியில் பார்த்தால் சுமார் 3,735-ல் முடிந்துவிடும். சுற்றிவந்து சேரும் வழிகளில் இதைவிடக் குறுகியது இல்லை.

ஆனால் பாரிஸுக்குத் திரும்பியே ஆக வேண்டுமா? கிரிவலம் என்றால் தொடங்கிய இடத்தில் முடிக்க வேண்டும். சுற்றுலாவுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. சென்னையிலிருந்து பாரிஸில் போய் இறங்கி, ரோமில் ஊர் திரும்பும் விமானம் ஏறலாம். இப்போது பார்த்தால், சற்றுமுன் தோற்றுப்போன வரிசையே சிறந்த வரிசை. அதன் பலவீனமான கடைசி 1,100 கிலோமீட்டர் கழன்றுவிட்டதால் மொத்தமே சுமார் 2,820 கிலோமீட்டர்தான். சிறந்த சுற்றைவிடவும் 900 கிலோமீட்டருக்கு மேல் மிச்சம்.

பயணச் செலவை இப்படிக் கணக்குப் பார்த்தவர்களில் நம் நாட்டவர் ஒருவர் முக்கியமானவர்: புள்ளியியல் அறிஞர் பி.சி. மகலனோபிஸ். வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் பயிராகிறது என்று கணக்கெடுக்க ஆட்களைப் பல இடங்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இடங்கள் கூடும்போது அலைச்சல் எப்படிக் கூடும் என்பதை 1940-ல் வெளியான தன் ஆய்வில் ஆராய்ந்தார். இடங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியே தூரம் வளரும் என்பது அவர் கண்டது. 1959-ல் பியர்ட்வுட், ஹால்ட்டன், ஹேமர்ஸ்லி மூவரும் இதைக் கணிதமாகவே நிறுவினார்கள். ஒரே பரப்புக்குள் இடங்களை நான்கு மடங்காக்கினால் பாதை ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆகும். நெருக்கமாக ஊர்களைச் சேர்க்கச் சேர்க்க, ஓர் ஊருக்கு ஆகும் அலைச்சல் குறைந்துகொண்டே வரும்.

இனி காசு. மலிவு விமானங்களின் கட்டணம் தூரத்தைப் பார்த்து ஏறுவதில்லை. போக ஒரு விலை, வர ஒரு விலை. அதனால் கிலோமீட்டர் இருந்த இடத்தில் ரூபாயை எழுத வேண்டும். ரப்பர் பேண்டு விதி இங்கே செல்லாது. ஆனால் தொடக்கமும் முடிவும் முடிவாகிவிட்டால் நடுவில் இருக்கும் ஆறு ஊர்களுக்கு 720 வரிசைகள்தான். சாதாரணக் கைபேசியே கண்மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடும். வியன்னாவிலிருந்து ஜூரிச்சுக்கும் மியூனிக்கிலிருந்து ரோமுக்கும் இரவு ரயில்கள் உண்டு. ஜூரிச்சையும் மியூனிக்கையும் முன்பின்னாக மாற்றினால் 250 கிலோமீட்டர் கூடும். ஆனால் இரண்டு ராத்திரி அறை வாடகை மிச்சமாகும். விசாவும் வரிசையைப் பொறுத்ததே. இந்த எட்டு நகரங்களும் ஏழு ஷெங்கன் நாடுகளில் இருப்பதால் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால், முதலில் நுழையும் நாட்டிடம்.

நால்வர் சேர்ந்து போகும்போது தகராறு வருவது பெரும்பாலும் "இந்த ஊரையும் சேர்த்துக்கலாம்டா" என்பதில்தான். அதற்கும் இந்தக் கணக்கில் பதில் இருக்கிறது: அந்த ஊரைச் சேர்த்தால் பாதை எவ்வளவு நீளும் என்று பாருங்கள். பெர்லினிலிருந்து வியன்னாவுக்கு நேராகப் போகாமல் பிராக் வழியாகப் போனால் கூடுவது ஏழெட்டுக் கிலோமீட்டர். பார்சிலோனாவைச் சேர்த்தால், வரிசையில் எங்கே வைத்தாலும் 830-க்குக் குறையாது. பார்சிலோனா கேட்கிறவர் பிடிவாதமாகக் கேட்கட்டும்; கூடும் செலவில் தன் பங்குக்கு மேல் எவ்வளவு போடுவார் என்று அந்த எண்ணை வைத்துக்கொண்டு பேசலாம்.