மணம் சரி, புகை?

கடையில் ஊதுபத்தி வாங்கும்போது பெட்டியை மோந்து பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் நுரையீரலுக்குள் போவது பெட்டியில் வீசும் மணம் மட்டுமல்ல, பற்றவைத்த பின் எழும் புகையும்தான்.

குச்சியில் என்ன இருக்கிறது?

கரித்தூள், மரத்தூள், பசைக்கு ஜிகட் என்ற மரப்பட்டைத் தூள். இவற்றைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து மூங்கில் குச்சியில் உருட்டினால் கறுப்பு வத்தி தயார். தொட்டால் விரலில் கரி ஒட்டும், மணம் இருக்காது. செண்டில் முக்கி உலர்த்திய பிறகுதான் அது மல்லிகையோ ரோஜாவோ ஆகிறது. மலிவு விலைப் பத்திகளில் அந்த செண்ட் பெரும்பாலும் செயற்கை வாசனைதான். அதை நீர்க்கச் செய்ய டைஎத்தில் தாலேட் போன்ற கரைப்பானும் சேரும். மசாலா பத்தி வேறு ரகம். மட்டிப்பால் பிசின், சந்தனத்தூள், வெட்டிவேர் எல்லாம் மாவிலேயே கலந்திருக்கும். விலையும் கூடுதல்.

'மூலிகை' என்றால் கெடுதல் இல்லையா?

எரிவது எதுவானாலும் புகை புகைதான். நுண்துகள், கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு எல்லாம் அதில் உண்டு. ஒரு கிராம் சிகரெட் எரிந்தால் சுமார் 10 மில்லிகிராம் துகள் வரும். ஒரு கிராம் பத்தியில் சுமார் 45. சிகரெட்டை நேரே இழுக்கிறோம், பத்தியை அப்படி இழுப்பதில்லை; ஆகவே இரண்டும் ஒன்று என்று பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் சன்னல் இல்லாத பூஜையறையில் அந்தத் துகள் எங்கே போகும்? சிங்கப்பூர்ச் சீனர்கள் 61,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியான ஆய்வு, நெடுங்காலம் பத்தி ஏற்றியவர்களிடம் மேல் சுவாசப் பாதைப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. அங்கே பத்தி பகலிரவாகப் புகைவது வழக்கம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிள்ளைக்குச் சாம்பிராணி

பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்குப் புகை காட்டுவது பாட்டிமார் வழக்கம். இப்போது தணலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சாம்பிராணி வந்துவிட்டது. அதிலும் கரித்தூள்தான், செண்ட்தான். குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகல். சளி, இழுப்பு உள்ள பிள்ளைக்கு இந்தப் புகை ஆகவே ஆகாது. மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்தாலே தலை காய்ந்துவிடும். பெரியவர்கள் வருத்தப்பட்டால், புகையைப் பூஜையறையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லலாம்.

வீட்டில் செய்யக்கூடியது

கொத்தாக ஏற்றாமல் ஒன்று போதும். ஏற்றும்போதே சன்னலைத் திறந்துவிடுங்கள். ஆஸ்துமாக்காரர் இருக்கும் அறையில் வேண்டாம். கொசுவிரட்டிப் பத்தி வேறு; அதில் இருப்பது பூச்சிக்கொல்லி. பெட்டியில் பதிவு எண்ணும் மருந்தின் பெயரும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.